சுந்தரேஸ்வரியின் ஆட்டு வண்டி

எட்டயபுரம் சந்தைக்கு ஆடு கொண்டுவரும் வண்டிகளில் ஒரு பெண் ஓட்டிவருவது ஒன்றுதான். பழைய பிக்கப். ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை நிறம் என்று இருக்கும். நேரில் பார்த்தால் பழுத்த கொய்யாப்பழ நிறம். ஓட்டுகிறவர் சுந்தரேஸ்வரி. நான் அந்தப் பக்கத்தில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். அந்த வண்டியோடு எனக்குப் பழக்கம் உண்டானது ஓர் ஆட்டின் கால் ஒடிந்ததால். அதற்கு முன்னால் வண்டியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

வண்டி சுந்தரேஸ்வரியின் கணவர் ராஜமணியுடையது. இளவயதில் கோவில்பட்டியில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். பிறகு டிரைவரானார். பிறகு இந்தப் பிக்கப்பை இரண்டாம் கையாக வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். வாங்கின நாளிலிருந்து வேறொரு மெக்கானிக் அதில் கை வைக்க அவர் விட்டதில்லை. என்ன கோளாறு என்றாலும் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். இருப்பதை வைத்து ஒப்பேற்றுவார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘அட்ஜஸ்ட்மென்ட்’.

டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் மக்கர் செய்தால் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அதுவும் தட்டுகிற இடத்தில் தட்ட வேண்டும். கை பிரேக் பிடிக்காது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க சீட்டுக்குப் பின்னால் ஒரு கருங்கல். “ராஜமணி வண்டியக் களவாங்குறவன் இன்னும் பொறக்கல, ஸ்டார்ட் பண்ணத் தெரியாம அங்கனயே உக்காந்திருப்பான்” என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டு ராஜமணிக்குப் பெருமைதான்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. கவனிக்கவில்லை. ஒருநாள் இடது பாதத்தில் உடைமுள் ஏறியிருக்கிறது. மரத்துப்போன கால், அவருக்குத் தெரியவே இல்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்து சுந்தரேஸ்வரிதான் கேட்டிருக்கிறார். புண் ஆறாமல் போய், கடைசியில் பாதி பாதத்தை எடுத்தார்கள். கிளட்சு மிதிக்கிற கால்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் வண்டிக்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலியைப் போட்டு உட்காருவார். ஆட்டு வியாபாரி இசக்கிமுருகன், ராஜமணியின் நெடுநாள் கிராக்கி, நல்ல எண்ணத்தில்தான் வண்டியை வாங்க ஓர் ஆளைக் கூட்டிவந்தார். வந்தவர் உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பிறகு இறங்க முடியவில்லை. கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தார்.

“இத எடைக்குப் போட்டா எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி” என்று சிரித்தார்.

ராஜமணி எழுந்து, கைத்தடியை ஊன்றி வீட்டுக்குள் போய்விட்டார். சுந்தரேஸ்வரிக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. அப்போது அவர் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாற்பது தாண்டிய வயசு.

“வண்டி விக்கிறதுக்கு இல்ல” என்றார் வந்தவரிடம். “யார் ஓட்டப் போறா?” என்று இசக்கிமுருகன் கேட்டதற்கு, “நான்தான்” என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் யோசித்ததாக என்னிடம் சொன்னார்.

கோவில்பட்டியில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்து படித்தார். லைசென்ஸ் எடுத்தார். ராஜமணி வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வண்டியின் சூட்சுமங்களை மட்டும் நாற்காலியில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தார். சீட்டின் தண்டவாளம் துருவேறி நகராது. அவர் உயரத்துக்கு வைத்தது. சுந்தரேஸ்வரி முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார். ஒரு வருசத்துக்கு மேல் அப்படியே போயிற்று. வாடிக்கை ஒன்றும் விட்டுப்போகவில்லை.

காளீஸ்வரி என்று ஒரு பெண். மானாவாரிக் காட்டோடு இருபது முப்பது கன்னி இன ஆடு வைத்து ஒண்டியாகப் பிழைப்பவர். கறுகறுவென்று மினுங்கும், முகத்தில் வெள்ளைக் கோடு ஓடும் ஆடுகள். ஓர் ஆவணி சனிக்கிழமை காலையில் அவரையும் அவருடைய ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் வழியில், பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. ஆடு கத்துவதில் பசிக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று என்று உண்டு. இது அந்த வகை எதிலும் சேரவில்லை. சுந்தரேஸ்வரி ஓரம் கட்டி நிறுத்தி, கண்ணாடி வழியே கையை விட்டுக் கதவைத் திறந்து ஓடினார்.

ஒரு கிடாவின் முன்னங்கால் வண்டித் தளத்துக்குள் இறங்கியிருந்தது.

கால்நடை நிலையத்தைத் திறந்து நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது, மற்ற ஆடுகளை வேறொரு வண்டியில் சந்தைக்கு ஏற்றிவிட்டு அந்தப் பிக்கப் வந்து நின்றது. காளீஸ்வரியின் மடியில் ஆடு. கால் முட்டுக்குக் கீழே ஒடிந்து தொங்கியது. டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டோம். கட்டு முடியும்வரை காளீஸ்வரி வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் திறந்தார்.

“ஏட்டி சுந்தரேசு, நம்பித்தான ஏத்துனேன்? வண்டியா வச்சிருக்க, பொறிக்கூடு வச்சிருக்க! இனி உன் வண்டியில என் ஆட்டுப் புழுக்கை ஏறாது.”

 “மதினி, இது நடக்கிறவரைக்கும் என் வீட்டுல நிக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்” என்று மட்டும் சுந்தரேஸ்வரி சொன்னார். காளீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்சுக்கு நடந்துவிட்டார்.

பிறகு சுந்தரேஸ்வரி வண்டியின் பின்னால் ஏறி, முன்மூலையில் கிடந்த ரப்பர் பாயைத் தூக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். பாய்க்குக் கீழே ஒரு தகரம். நான்கு மூலையும் ஒழுங்காக மடித்து, பதவிசாக வைத்த தகரம். அதன் நடுவில் கிழிசல். தகரத்தை விலக்கினால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. கீழே நிலையத்து வாசல் மண் தெரிந்தது.

அந்தத் தகரத்தை மடித்த கை யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டில் நடந்ததைக் கணவன் மனைவி இரண்டு பேருமே பின்னால் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். ஆட்டின் கால்கட்டைப் பார்க்க நான் வாரம் ஒருதரம் போவேன், அப்படிச் சொன்னதுதான். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

சுந்தரேஸ்வரி அந்தத் தகரத்தைக் கொண்டுபோய் ராஜமணியின் மடியில் வைத்திருக்கிறார்.

“தெரிஞ்சுதான் மூடி வச்சீங்களா?”

“பொறவு மாத்திக்கிடலாம்னு வச்சேன். அதுக்குள்ள கால் போயிட்டு.”

“கால் போச்சு. வாய் இருந்துச்சுல்லா? நான் ஓட்டுதேன் அந்த வண்டிய. எனக்குச் சொல்லியிருக்கணும்லா?”

ராஜமணி தகரத்தின் மடிப்பை விரலால் தடவியிருக்கிறார். “தளம் போச்சுன்னு சொன்னா வண்டிய வித்துருவியோன்னு நெனச்சேன்” என்றார். “அதும் போயிட்டா இந்த வீட்டுல எனக்குன்னு என்னட்டி இருக்கு?”

சுந்தரேஸ்வரிக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அழுகையை அவருக்குக் காட்டவில்லை. “வேற என்னென்ன மூடி வச்சிருக்கீய? எல்லாத்தையும் இப்பவே சொல்லிருங்க” என்றார். அவர் சொல்லத் தொடங்கினார். கதவும் கல்லும் சுந்தரேஸ்வரிக்குத் தெரிந்ததுதான். தெரியாததும் இருந்தது. முன்சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஹோஸில் மேல்தோல் வெடித்து, அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருப்பதையும் சொன்னார். ஆட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பிரேக்கை நம்பி ஒரு வருசம் சந்தை வழியிலுள்ள பாலத்து இறக்கத்தில் சுந்தரேஸ்வரி இறங்கியிருக்கிறார்.

“இந்த அட்ஜஸ்ட்மென்ட் சோலியே இனி வேண்டாம். யாரு ஏறி உக்காந்தாலும் ஓடணும். அதுதான் வண்டி. உங்களுக்கு மட்டும் ஓடுனா அது உங்க வளர்ப்பு நாய்” என்றார்.

அந்த வார்த்தை அவரைக் குத்தியிருக்கிறது. இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் காலையில் சுந்தரேஸ்வரி புது ஹோஸ் வாங்கிவந்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டையும் கொடுத்துவிட்டு எந்த நட்டைத் திருகுவது என்று முழித்துக்கொண்டு நின்றபோது, நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ராஜமணி சாக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் காலுக்கு ஒரு துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, “மண்ணு படாமப் பாத்துக்கிடுங்க” என்று சுந்தரேஸ்வரி விலகினார். அவர் கைத்தடியைப் போட்டுவிட்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, முதுகால் நகர்ந்து உள்ளே போனார்.

ஹோஸை மாற்றியபின் பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே முலைபோல இருக்கிற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“விடாத. பிடி, பிடி... இப்ப விடு.”

“விட்டாச்சு.”

“திருப்பி மிதி.”

முன்னாலெல்லாம் இந்த வேலைக்கு இசக்கிமுருகனைக் கூப்பிடுவாராம். மனைவியைக் கூப்பிட்டதில்லை. பெடல் மெதுமெதுவென்று அமுங்கியது போய், காலுக்குக் கீழே கல்லுப்போல நின்றதும் சுந்தரேஸ்வரி, “நின்னுட்டு!” என்று கத்தினார். கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் சிரித்துத் தான் கேட்டது அன்றைக்குத்தான் என்று சுந்தரேஸ்வரி என்னிடம் சொன்னார். அடியில் படுத்துவிட்டால் கால் ஒரு கணக்கே இல்லை, கைதான் எல்லாம் என்பதை அப்போதுதான் கவனித்தாராம். கவனித்ததை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் வண்டியைத் தகுதிச் சான்றுக்கு, எஃப்.சி.க்கு, காட்ட வேண்டும். அதற்குள் தளத்தை முடிக்க வேண்டும் என்று இறங்கினார்கள். சவாரி ஓடுவதை நிறுத்தினார்கள். சுந்தரேஸ்வரி மறுபடி தீப்பெட்டி ஆபீசுக்கு அரை நேரம் போய்வந்தார். மிச்ச நேரம் வண்டி.

பழைய போல்ட் எதுவும் ஸ்பேனருக்கு மசியவில்லை. டீசல் ஊற்றி ஊறவைத்துப் பார்த்தார்கள். அப்புறம் கட்டிங் மெஷினால் அறுத்தார்கள். பக்கத்தில் காய்ந்த சோளத்தட்டைப் படப்பு இருந்ததால் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, பொறி பறக்கிற பக்கம் நனைந்த சாக்கைக் கட்டிக்கொண்டு, அறுத்தது சுந்தரேஸ்வரி. தளத்தைப் பெயர்த்துத் தூக்கியபோதுதான் நோவு எங்கே இருந்தது என்று தெரிந்தது. தளத்துக்கும் அதைத் தாங்குகிற சேஸ் சட்டத்துக்கும் நடுவில் கரிசல் மண் அப்பிக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் சக்கரம் வாரியடித்த மண். கரிசல் குடித்த ஈரத்தை லேசில் விடாது. அதனால்தான் இந்தக் காட்டில் ஒரு மழைக்குப் பருத்தி நிற்கிறது. அந்த மண்ணில் வருசக்கணக்கில் ஆட்டு மூத்திரமும் இறங்கி, இரும்பை அப்பளமாகத் தின்றிருந்தது. குறுக்குச் சட்டம் இரண்டை விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது.

ராஜமணி உதிர்ந்த துண்டு ஒன்றைக் கையில் வைத்து நசுக்கிப் பார்த்தார். “நல்லவேளை ஆட்டுக் காலோட போச்சு” என்றார்.  வேப்பமரத்து நிழலில் கட்டுக்காலோடு அந்தக் கிடா நின்று கத்தியது. அதற்குக் குழை தழை ஒடித்துப் போடுவதை முதல் வாரத்திலேயே அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

சட்டத்துக்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு லாரி பாடியிலிருந்து கழற்றிய சேனல் இரும்பு கிடைத்தது. தளத்துக்குப் புதுத் தகடு, பூப்போட்டது, ஆட்டுக் குளம்பு வழுக்காமல் இருக்க. வாடகைக்கு எடுத்த வெல்டிங் மெஷின் ஓடும்போது பக்கத்து வீட்டில் டி.வி. மினுக்கும், அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டீசல் டேங்கைத் தனியே இறக்கி வைத்துவிட்டு, ராஜமணி கறுப்புக் கண்ணாடியைப் போட்டு உட்கார்ந்தார். பட்டறையை விட்டு எத்தனையோ வருசம். முதல் நாள் பற்றவைத்தது கோணல்மாணலாகத்தான் வந்தது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். கை தானாகப் பழக்கத்துக்கு வந்தது.

சண்டையும் இல்லாமல் இல்லை. மூத்திரம் வடிய ஓட்டை எங்கே போடுவது என்பதில் பெரிய சண்டை. பின்பக்கம்தான் என்றார் அவர், எல்லா வண்டியிலும் அப்படித்தான். “இந்த வண்டியக் கழுவுறது யாரு? நான். தண்ணி முன்மூலையிலதான் போய்த் தேங்கும்” என்றார் இவர். சொல்லிப் பயனில்லை என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தகட்டின்மேல் ஊற்றிவிட்டார். தண்ணீர் நிதானமாக முன்பக்கம் நகர்ந்து மூலையில் குளம் கட்டியது. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் கனத்த பாரத்துக்கென்று உயர்த்திக் கட்டியவை. ஆட்டுப் பாரத்துக்கு வண்டி முன்னால்தான் சாயும். ராஜமணி தலையைச் சொறிந்தார். “சரி, முன்னாலயும் ரெண்டு போடுவோம். ஆனா குழாய் வச்சு இறக்கணும், சேஸு மேல படப்பிடாது.” குழாய் அவர் யோசனை. அப்படியே செய்தார்கள்.

கதவுக்குப் புதுக் கைப்பிடி வந்தது. கை பிரேக் கேபிள் வந்தது. கருங்கல்லை சுந்தரேஸ்வரி தூக்கித் துணி துவைக்கிற இடத்தில் போட்டார். சீட்டின் தண்டவாளத்தை உடைத்து எடுத்து, புதுசு வைத்து, சீட்டை சுந்தரேஸ்வரியின் காலுக்கு எட்டுகிற மாதிரி முன்னால் நகர்த்தினார்கள்.  ராஜமணி உட்கார்ந்த இடம் அது. முட்டி இடிக்கும் இனி. ஆனால் திருகுகளை இறுக்கியது அவர்தான்.

எஃப்.சி.க்குப் போனபோது ராஜமணியும் கூடப் போனார். ரெட் ஆக்சைடும் மேல்பூச்சும் அடித்து, வண்டி பார்க்க நன்றாக இருந்தது. அதிகாரி தளத்தைக் குனிந்து பார்த்தார், வண்டியை ஓட்டிப் பிரேக்கைப் பார்த்தார், லைட்டுகளைப் போடச் சொன்னார். எல்லாம் சரி. “ஹாரன் அடிங்கம்மா” என்றார். சுந்தரேஸ்வரி அடித்தார். ஹாரன் சத்தத்தோடு பின்னால் இடது இண்டிகேட்டர் பளிச்சென்று எரிந்தது. மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடி எரிந்தது.

அதிகாரி சுந்தரேஸ்வரியைப் பார்த்தார். சுந்தரேஸ்வரி திரும்பி ராஜமணியைப் பார்த்தார். ராஜமணி ரோட்டில் போகிற பஸ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எப்பம் செஞ்சது?” என்றார் சுந்தரேஸ்வரி.

“ஒரு வயரு அந்துபோச்சு. ஒண்ணுல ரெண்டக் கொடுத்தேன். மறந்தே போயிட்டு.”

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டாங்க” என்றார். அருகே ஒரு வேலிக்கருவை நிழலில் வண்டியை நிறுத்தி, ராஜமணி டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். சுந்தரேஸ்வரி பின்னால் நின்று விளக்கைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கே எஃப்.சி. கிடைத்தது.

நடுவில் கிடாவின் கட்டை நான் அவிழ்த்துவிட்டிருந்தேன். கால் லேசாகச் சாய்ந்துதான் கூடியிருந்தது, ஆனால் ஊன்றி நடந்தது. சுந்தரேஸ்வரி அதைப் புதுத் தளத்தில் ஏற்றிக்கொண்டு காளீஸ்வரி வீட்டுக்குப் போனார். காளீஸ்வரி ஆட்டின் காலைத் தடவிப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். கொடுத்ததைவிடக் கொழுத்திருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி, தளத்தின் நான்கு மூலையிலும் போய் நின்று திம் திம் என்று குதித்தார். நல்ல கனத்த உடம்பு. வண்டியின் பட்டைகள் கிறீச்சிட்டன. தளம் அசையவில்லை.

“யாரு பத்த வச்சது?”

“இவியதான்” என்று சுந்தரேஸ்வரி இடது பக்கத்து சீட்டில் இருந்த ராஜமணியைக் காட்டினார்.

காளீஸ்வரி இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டார். “சனிக்கிழமை எட்டு உருப்படி இருக்கு. வந்துருங்க” என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் ராஜமணியும் சந்தைக்கு வருகிறார். ரோட்டை இடது பக்கத்திலிருந்து பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. எதிரே லாரி வந்தால் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பார். “நான் மிதிச்சுட்டேன், நீங்க எடுங்க” என்பார் சுந்தரேஸ்வரி. சந்தையில் நிற்கிற மற்ற வண்டிக்காரர்கள் தங்கள் தளத்தையும் வந்து பார்க்கச் சொல்கிறார்கள். சிலதைப் பார்த்துக் கொடுக்கிறார். சிலருக்கு “நீயே செய்யலாம்ல, அடியில படு” என்று சொல்லி அனுப்புகிறார்.

போன வாரம் ஆட்டுக்குத் தடுப்பூசி போட அந்தப் பக்கம் போனேன். ராஜமணி கட்டிலில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வண்டிக்குப் பவர் ஸ்டீரிங் வைப்பது எப்படி என்று யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். வளைவில் திருப்பித் திருப்பி சுந்தரேஸ்வரிக்குத் தோள்பட்டை வலி.

“ஆகுமா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ஆகும். பம்பு ஒண்ணு வேணும், பெல்ட்டுக்கு இடம் பண்ணணும். ஒழுங்காச் செய்யணும்” என்றார். பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏட்டி, அந்த டேப்ப எடுத்துட்டு வா. அளந்து பாப்பம்.”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “உலையில அரிசி கிடக்கு. நீங்க முதல்ல பானட்டத் திறங்க, வாரேன்.”